500 ரூபாய்க்கு ஒரு ரிட்டயர்டு பி.பி.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜி.ஏ. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்து. முனையில் மாவு மில். "பி.பி. சார் வீடு எதுப்பா?" என்று கேட்டேன். மிளகாய் நெடி ஏறாமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்த பையன், "பி.பி. பாக்கணுமா, சுகர் பாக்கணுமா? ரெண்டுக்கும் லேப் அந்தாண்ட இருக்குக்கா" என்றான். நான் தேடிப் போனது பப்ளிக் பிராசிக்யூட்டரை, அதாவது அரசு வழக்கறிஞரை. வெள்ளை முடி, வக்கீல், பெரியவர் என்று அடையாளம் சொன்ன பிறகுதான், "ஓ, கோர்ட்டு தாத்தாவா" என்று கை காட்டினான்.

அந்தக் கோர்ட்டு தாத்தா கொடுக்கும் சட்ட ஆலோசனையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதிக்கோ, என் பேரை மட்டும் போடாதே" என்றார். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறதாம், 36ஆவது விதி. வாசலில் மாட்டும் பலகைகூட அளவாக இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதி, முன்னாள் அட்வகேட் ஜெனரல் என்று பழைய பதவியை அதில் எழுதிக்கொள்ளக் கூடாது. இவர் வீட்டு வாசலில் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை. பெயர், பி.ஏ., பி.எல்., அவ்வளவுதான். 28 வருஷம் அரசு தரப்பில் நின்று வழக்கு நடத்தியவர் என்பது பலகையைப் பார்த்துத் தெரியவே தெரியாது. எனக்கும் ஓவர்லாக் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் சொல்லித்தான் தெரியும்.

நான் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். நைட்டி, பாவாடை. ஆறு மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மெஷின். 2021 நவம்பரில், தீபாவளி முடிந்து ஊரே வெள்ளத்தில் நின்ற அந்த வாரம், ஷட்டர் பூட்டை உடைத்துக் கட்டிங் மெஷினையும் இரண்டு மோட்டாரையும் கூலிக்கு வைத்திருந்த 14,000 ரூபாயையும் எடுத்துப் போய்விட்டார்கள். புகார் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் இரண்டு பையன்களைப் பிடித்தார்கள். ஒரு காயலான் கடையிலிருந்து கட்டிங் மெஷின் மட்டும் திரும்பி வந்தது. அப்புறம் நான் மறந்தே போனேன். மூணரை வருஷம் கழித்து 2025 ஜூனில் ஒரு போலீஸ்காரர் வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். நான் சாட்சியாம். அதுவும் அ.சா.1. அரசு தரப்பு சாட்சிகளில் முதல் ஆள்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. திருடினவனைப் பற்றிய பயம் இல்லை, கூண்டில் ஏறி என்ன சொல்வது என்ற பயம். தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "நான் உங்களுக்காக ஆஜராகிறேன், 15,000 ஆகும், முதலில் ஏழு கொடுங்க" என்றார். நல்லவேளையாக அன்றைக்குக் கையில் ஏழு இல்லை.

பெரியவரிடம் போன முதல் நாள் இதைத்தான் முதலில் சொன்னேன். சிரித்தார். "ஏம்மா, உன் கேஸ்ல வாதி யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "இல்லை. அரசாங்கம். நீ சாட்சி. சாட்சிக்கு எதுக்கு வக்கீல்?" குற்ற வழக்கில் அரசு தரப்பை நடத்த ஏ.பி.பி. என்று ஒருவர் கோர்ட்டிலேயே இருப்பார். உதவி அரசு வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவர் தனியாக வக்கீல் வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அந்த வக்கீல் தானாக எழுந்து கேள்வி கேட்டு வழக்கை நடத்த முடியாது. அரசு வழக்கறிஞர் சொல்கிறபடி உதவி செய்யலாம், சாட்சி விசாரணை முடிந்த பிறகு கோர்ட் அனுமதித்தால் எழுத்தில் வாதம் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 301ஆவது பிரிவு. ஒரு பூட்டு உடைத்த கேசுக்கு அதெல்லாம் வேண்டாம் என்றார். இந்த ஒரு பேச்சிலேயே 15,000 மிச்சம். அவர் வாங்கியது 500.

சேவை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுத் திண்ணையை மரச்சட்டம் வைத்து அடைத்து ஆபீஸ் ஆக்கியிருக்கிறார். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெஞ்ச், ஒரு இரும்பு பீரோ. வயதான குமாஸ்தா ஒருவர் நீள நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு வரிசையாக விடுவார். டோக்கன் கிடையாது. ஜிபே கிடையாது, கையில் பணமாகத்தான். ரசீது கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள், கேளுங்கள். ஜாமீன் மனு பார்க்க மாட்டார். சொத்துத் தகராறு பார்க்கவே மாட்டார். அவர் பார்ப்பது பெரும்பாலும் என்னைப் போன்றவர்களை: புகார் கொடுத்தவர்கள், சம்மன் வந்தவர்கள், போலீஸ் பதில் சொல்லாமல் அலைய விடுகிறவர்கள். பெஞ்சில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காசிமேட்டு அம்மாவுக்கு வலை திருட்டுப் போன கேஸ். அந்த அம்மா அன்று மூன்றாவது தடவையாக வந்திருந்தார். மூன்று தடவையும் சேர்த்து 500தான் கொடுத்ததாகச் சொன்னார்.

இப்போது பென்சில் விஷயம். நான் 500 கொடுத்தது இதற்குத்தான் என்றே சொல்வேன்.

என் புகார் நகலை வாங்கினார். எஃப்.ஐ.ஆரோடு ஸ்டேஷனில் கொடுத்தார்களே, அதுதான். மேசை டிராயரிலிருந்து ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் இருக்கும் பழைய கோர்ட் பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ கண்ணால பார்த்தது, கையால தொட்டது எல்லாத்துக்கும் சிவப்புல கோடு போடு. அடுத்தவங்க சொல்லிக் கேட்டது, நீயா நினைச்சுக்கிட்டது எல்லாத்துக்கும் நீலம்." புகாரில் மொத்தம் 22 வரி. நானே கையெழுத்துப் போட்டது. கோடு போட்டு முடித்தபோது சிவப்பு ஆறு வரிதான் இருந்தது.

"இரவு சுமார் 2 மணி அளவில்" என்று எழுதியிருந்தது. எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை வாட்ச்மேன் சொன்னார், ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். நீலம். "இரும்புக் கம்பியால் நெம்பி": நான் பார்த்தது தொங்கிக்கொண்டிருந்த பூட்டை மட்டும். கம்பி நீலம். காலையில் ஷட்டர் பாதி தூக்கியிருந்ததைப் பார்த்தேன், சிவப்பு. மேசை டிராயர் தரையில் கிடந்தது, சிவப்பு. கட்டிங் டேபிள் மேல் மெஷின் இல்லை, தண்ணீர்க் கறை மட்டும் இருந்தது, சிவப்பு.

"இந்த ஆறு வரிதாம்மா உன் சாட்சியம்" என்றார். மிச்சத்தைக் கேட்டால் தெரியாது என்று சொல்லலாம், இன்னார் சொன்னார் என்றும் சொல்லலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்க மாட்டேன், எப்படி நிற்பது என்று மட்டும்தான் சொல்வேன் என்று இரண்டு தடவை சொன்னார். கேள்வி வக்கீல் கேட்டாலும் பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல். கேள்வி முடியும் முன் வாயைத் திறக்காதே. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். கோபம் வந்தால் தண்ணீர் கேள்.

அப்புறம் கட்டிங் மெஷின். திரும்பி வந்ததே, அது எங்கே என்று கேட்டார். யூனிட்டில்தான் இருக்கிறது, பழசாகிவிட்டது, எக்ஸ்சேஞ்சில் 4,000 கொடுப்பதாக மெக்கானிக் சொல்கிறார், அடுத்த வாரம் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கப் போகிறேன் என்றேன். மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யம்மா! அது சான்றுப்பொருள்மா!"

2022 மார்ச்சில் மெஷினை எடுக்கப் போனபோது ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. வழக்கு முடியும்வரை விற்க மாட்டேன், உருவத்தை மாற்ற மாட்டேன், கேட்கும்போது கோர்ட்டுக்குக் கொண்டுவருவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய 451ஆவது பிரிவில் அப்படித்தான் பொருளைத் திருப்பிக் கொடுப்பார்களாம். வீட்டுக்கு வந்ததால் நம்முடையது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்த மெஷின் இன்னொரு காயலான் கடையில் கிடந்திருக்கும், நான் கோர்ட்டில் பேந்தப் பேந்த விழித்திருப்பேன்.

சரி, இவ்வளவும் ஒரு முக்கால் மணி நேரம். ஆனால் நான் அங்கே இருந்தது இரண்டு மணி நேரம். மீதி நேரம் அவர் கதை. இதுதான் இந்தச் சேவையின் குறை, சில பேருக்கு இதுதான் நிறையாகவும் இருக்கலாம். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ராயபுரத்தில் பிறந்தவர். அப்பா ஹார்பரில் கிரேன் வேலை. ராயபுரத்தில் பிறந்த எந்தப் பெரியவரிடம் கோர்ட் என்று வாயைத் திறந்தாலும் ஆளவந்தார் கேஸ் வந்துவிடும், இவரிடமும் வந்தது. 1952 ஆகஸ்டில் சைனா பஜாரில் ஒரு பேனாக் கடையில் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆளவந்தாரை ராயபுரத்து வீடொன்றில் கொன்று, உடலை டிரங்குப் பெட்டியில் வைத்து ரயிலில் ஏற்றிவிட்டு, தலையை ராயபுரம் கடற்கரையில் புதைத்த வழக்கு. பெட்டி மானாமதுரையில் நாற்றமடித்துப் பிடிபட்டது. விசாரணை நடந்தபோது இவருடைய அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட் வாசலில் கூட்டத்தோடு நின்றாராம். அரசு தரப்பில் நடத்தியவர் கோவிந்த் சுவாமிநாதன். பின்னாளில் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் ஆனவர், கேப்டன் லட்சுமியின் அண்ணன். கடைசியில் கொலைக் குற்றம் நிற்கவில்லை. பிரபாகர மேனனுக்கு 7 வருஷம், அவர் மனைவி தேவகிக்கு 3 வருஷம். "ஊரே தூக்குன்னு எதிர்பார்த்தது. எங்கப்பா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, சர்க்கார் வக்கீல் தோத்துட்டாரான்னு கேட்டாராம். தோக்கறது ஜெயிக்கறது இல்லைப்பான்னு நான் வக்கீலானப்புறம் சொன்னேன். அவருக்குக் கடைசிவரை புரியலை" என்றார். எனக்கும் அப்போது புரியவில்லை.

சட்டம் படித்தது ஹைகோர்ட்டை ஒட்டி இருந்த பழைய சட்டக் கல்லூரியில். 1983இல் வக்கீலாகப் பதிவு, ஆறு வருஷம் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சீனியரிடம் ஜூனியர். அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. எழுதி 1989இல் ஏ.பி.பி. "எல்லாரும் பி.பி. பி.பி.ன்னு கூப்பிடுவாங்க, நான் ஏ.பி.பி.தாம்மா" என்று அவரே திருத்துவார். பொன்னேரி, அரக்கோணம், திருப்பத்தூர், மறுபடி அரக்கோணம். 2017இல் ரிட்டயர்டு. மனைவி தண்டையார்பேட்டையில் டீச்சர், அதனால் குடும்பம் இங்கேயே இருந்தது, இவர் மட்டும் ஊர் ஊராக. அரக்கோணத்தில் இருந்தபோது தினமும் ரயில், மற்ற ஊர்களில் லாட்ஜும் மெஸ்ஸும். பெண் பிள்ளைக்கு அஞ்சு வயதில் "அப்பா எந்தக் கிழமை?" என்று கேட்கத் தெரியுமாம். இதைச் சொல்லும்போது உள்ளேயிருந்து டீச்சரம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவங்க கேசு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று ஒரு அதட்டல் போட்டார். டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டது.

என்னோடு வந்திருந்த என் பையன் இங்கிலீஷ் சீரியல் நிறையப் பார்ப்பவன். "அப்போ சார்தான் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியா?" என்று கேட்டான். அது போதும், பெரியவருக்குக் கச்சேரி களைகட்டிவிட்டது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை, அதாவது அங்கத்து அரசு வழக்கறிஞரை, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அநேகமாக நாலு வருஷத்துக்கு ஒருமுறை. சில மாநிலங்களில் மட்டும் நியமனம், நியூஜெர்சியில் கவர்னர் நியமிப்பார். யார் மேல் என்ன குற்றம் சாட்டுவது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுப்பது அவர்தான். அங்கே தண்டனை அடைகிற கேஸ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் முடிந்துவிடும். இங்கே அந்தப் பேரம் 2006இல்தான் சட்டத்துக்குள் வந்தது, அதுவும் 7 வருஷத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களுக்கு மட்டும். இங்கே குற்றப்பத்திரிகை போடுவது போலீஸ். அதைக் கோர்ட்டில் நடத்துவது அரசு வழக்கறிஞர். 1974இல் அப்போதைய புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வரும் முன்னால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போலீஸ்காரர்களே நின்று கேஸ் நடத்துவார்களாம், பிராசிக்யூட்டிங் இன்ஸ்பெக்டர் என்று. பிடிக்கிற கையும் நடத்துகிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றுதான் பிரித்தார்கள் என்றார்.

நம் ஊரிலும் இரண்டு ஜாதி உண்டாம். பரீட்சை எழுதி வந்து ரிட்டயர்டு ஆகும்வரை மாறுதலில் சுற்றுகிற இவர் மாதிரி ஏ.பி.பி.க்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கிற பி.பி. வேறு. குறைந்தது ஏழு வருஷம் வக்கீலாக இருந்தவர்களில் இருந்து, கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பட்டியல் கொடுத்து, அரசாங்கம் நியமிப்பது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவர்களும் மாறுவார்கள். "அங்க ஓட்டு நேரா, இங்க ஓட்டு சுத்தி வளைச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பையன் அதை வீட்டுக்கு வந்தும் இரண்டு தடவை சொன்னான்.

இந்தக் கதைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. சைக்கிள் திருட்டு கேஸ். ஒரு டீ மாஸ்டர் சாட்சி. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் திருடனை டீ மாஸ்டர் பார்த்ததாக இருக்கிறது. கூண்டில் ஏறியதும், "இவன் இல்லீங்க" என்றுவிட்டார். இவர் உடனே எழுந்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டு, வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்துக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். போலீஸிடம் அப்படிச் சொன்னாயா இல்லையா, காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறாயா. டீ மாஸ்டர் கடைசிவரை "நான் சொன்னது வேற, எழுதினது வேற" என்றே சொன்னாராம். போலீஸ் எழுதும் அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தும் இருக்காது, வாங்கவும் கூடாது. வழக்கு விடுதலையில் முடிந்தது. டீ மாஸ்டர் பொய் சொன்னாரா, போலீஸ் தப்பாக எழுதியதா, இவருக்கு இன்றைக்கும் தெரியாது.

"அன்னிக்கு என் மேசை மேல 60 கேஸ் கட்டு. காலைல அந்த ஆளை வராண்டாவுல கூப்பிட்டு வச்சு ரெண்டு நிமிஷம், என்னப்பா பார்த்தேன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேட்கலை. அடுத்த நாள் அவர் கடையில டீ குடிக்கப் போனேன். போட்டுக் குடுத்தாரு. காசு வாங்கிக்கிட்டாரு. ஒண்ணும் பேசலை." அப்புறம் பென்சிலை டிராயரில் வைத்துப் பூட்டினார். திண்ணையைப் பார்த்து, "இது அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தாம்மா" என்றார்.

கோர்ட் நாள். முதல் வாய்தாவுக்குப் போனபோது நீதிபதி லீவு, இரண்டாவதற்குக் குற்றம் சாட்டப்பட்ட பையன்களில் ஒருவன் வரவில்லை. மூன்றாவது தடவை, ஆகஸ்டில், கூப்பிட்டார்கள். கட்டிங் மெஷினைப் பழைய நைட்டித் துணியில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோர்ட் வாசலில் ஏ.பி.பி.யைப் பார்த்தேன். சின்ன வயது அம்மா, இரண்டு கையிலும் கேஸ் கட்டு. "நீங்கதான் அ.சா.1ஆ? புகார் படிச்சீங்களா? மெஷின் கொண்டுவந்தீங்களா? சரி." அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட இல்லை. பெரியவரைப் பார்க்காமல் போயிருந்தால் அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று அவர் கையில் இருந்த கட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே இன்னொன்று நடந்தது. வழக்குக்காக வந்திருந்த போலீஸ்காரர் பக்கத்தில் வந்து மெதுவாக, "ரெண்டு பேரும் நிக்கிறாங்க பாருங்க, இவங்கதான்னு கை காட்டிடுங்க, சட்டுனு முடிஞ்சிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், எனக்கு உதவி செய்வதாக. எனக்கு நீலப் பென்சில்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பையன்களை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒருவனுக்கு என் பையன் வயதுதான் இருக்கும்.

ஏ.பி.பி. கேட்டார், "இவர்களைத் தெரியுமா?" தெரியாது என்றேன். போலீஸ்காரர் எங்கே பார்த்தார் என்று நான் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அப்புறம் எதிர்த் தரப்பு வக்கீல். "இரவு 2 மணிக்கு நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" எனக்குத் தெரியாது, எதிர்க்கடை வாட்ச்மேன் சொன்னார் என்றேன். அவர் இன்னும் இரண்டு கேள்வி அதில் தயாராக வைத்திருந்தார் போல, விட்டுவிட்டார். "இந்த மாதிரி கட்டிங் மெஷின் சென்னையில் ஆயிரம் இருக்கும். இது உங்களுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இது சிவப்புக் கோடு. 2018இல் என் கட்டிங் மாஸ்டர் கீழே போட்டு அடித்தகடு விரிசல் விட்டது. மூலக்கொத்தளத்தில் ஒரு வெல்டிங் கடையில் பற்றவைத்தோம். பற்றவைத்த இடம் மேடாக நிற்கும், வெட்டுவதற்கு அடுக்கி விரித்த துணி அதில் மாட்டும். அதனால் இடது பக்கம் மட்டும் எப்போதும் டேப் ஒட்டி வைத்திருப்போம். டேப்பின் பிசின் கறை இப்போதும் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்றேன். நீதிபதி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். சா.பொ.1, அதாவது சான்றுப்பொருள் ஒன்று, என்று சீட்டு கட்டினார்கள். மொத்தம் இருபது நிமிஷம். கை நடுங்கியது வெளியே வந்த பிறகுதான். நேராகப் பீச் லைனுக்குப் போய் ஒரு அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டேன், முட்டை போட்டது.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாட்ச்மேன் சாட்சி சொல்ல வேண்டும், அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். மோட்டாரும் பணமும் வராது என்று தோன்றுகிறது. ஒருவேளை விடுதலை ஆனால் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போக 2009இல் இருந்து வழி இருக்கிறது என்று பெரியவர் சொன்னார். போவேனா என்று கேட்டால், அந்தப் பையன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னபோது அவர் எந்தப் பக்கமும் தலையாட்டவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இடது காது கொஞ்சம் மந்தம், வலது பக்கம் உட்காருங்கள். 2024 ஜூலையில் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு பிரிவு எண்களில் தடுமாறுகிறார். 161 என்று ஆரம்பித்து, "இல்லை, இப்போ 180" என்று புத்தகத்தைத் தேடுகிறார். புதுப் புத்தகத்தின் ஓரத்தில் பழைய எண்களைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். என் கேஸ் பழையது என்பதால் பிரச்சினை இல்லை. புதுக் கேஸ்காரர்கள் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. சின்னத் தப்புக்கும் திட்டுவார். படிக்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்கு என் பையன் முன்னாலேயே எனக்கு நல்ல அர்ச்சனை கிடைத்தது. கதை ஆரம்பித்தால் நிற்காது. டீச்சரம்மா வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் சீக்கிரம் வெளியே வரலாம்.

இன்னொரு பெரிய குறை. இரண்டாவது தடவை போனபோது, போகிற போக்கில், "பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டும்மா, 1987 சட்டம், 12ஆவது பிரிவு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போயிருக்கலாம், 15100க்கு போன் பண்ணினாலே போதும்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார் என்றேன். "நீ 500 ரூபாய்க்குப் பயந்து ஓடிடுவேன்னு நினைச்சேன்" என்றார். குமாஸ்தா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். மற்றபடி ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

மாலை ஆறு முதல் எட்டரை வரை பார்ப்பார், வெள்ளிக்கிழமை கிடையாது. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். சம்மன், எஃப்.ஐ.ஆர். நகல், போலீஸிலோ கோர்ட்டிலோ கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதம் இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சில்லறையாக 500. திண்ணைக்கு வலை அடிக்கவில்லை, ஆறரைக்கு மேல் கொசு பிடுங்குகிறது, முழுக்கால் மூடும் உடுப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். மாவு மில்லில் கேட்கும்போது பி.பி. என்று கேட்காதீர்கள்.